கில் -9-க்கும் சாகாத ப்ராசஸை டிபக்கர் பிடித்தால்

லினக்ஸில் ஏதாவது ஒரு கண்டெய்னருக்குள் (ஒரு புரோகிராமைத் தனிமைப்படுத்தி ஓட்டும் சூழல்) ஷெல் எடுத்துக்கொண்டு கில் -9 1, அதாவது 1 என்ற எண்ணுள்ள ப்ராசஸைக் கட்டாயமாகக் கொல், என்று அடித்துப் பாருங்கள். ஒன்றும் ஆகாது. பிழைச் செய்திகூட வராது, கில் கட்டளை வேலை முடிந்தது என்றே திரும்பும், ஆனால் பிஐடி 1, அதாவது அந்த 1 எண் ப்ராசஸ், தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். டாக்கர் போன்ற கண்டெய்னர் கருவி இல்லையென்றாலும் பரவாயில்லை. ரூட்டாக இருந்துகொண்டு அன்ஷேர் கட்டளையை பிட், ஃபோர்க், மவுண்ட்-ப்ராக் என்ற மூன்று ஆப்ஷன்களோடு ஓட்டினால் புதிய பிஐடி நேம்ஸ்பேஸுக்குள், அதாவது ப்ராசஸ் எண்கள் மறுபடி 1-இலிருந்து தொடங்கும் தனி வட்டத்துக்குள், ஒரு பேஷ் ஷெல் கிடைக்கும். அங்கே அந்த பேஷ்தான் பிஐடி 1, அது தனக்குத்தானே சிக்கில் (கில் -9 அனுப்பும் சிக்னல்) அனுப்பிக்கொண்டாலும் சாகாது.

சிக்கில் சிக்னலைப் பிடிக்கவோ தடுக்கவோ முடியாது என்றுதான் எல்லாப் பாடங்களிலும் இருக்கிறது. அது சரிதான், ப்ராசஸால் முடியாது. ஆனால் இயங்குதளத்தின் மையமான கெர்னலால் முடியும், லினக்ஸ் கெர்னல் இனிட்டுக்காக, அதாவது பிஐடி 1-ஆக ஓடும் முதல் ப்ராசஸுக்காக, அதைச் செய்கிறது. இந்த விலக்கு உள்ள ஒரு ப்ராசஸை ஜிடிபி அல்லது எஸ்ட்ரேஸ் போன்ற டிபக் கருவி பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு லினக்ஸ் சரியான பதிலுக்கு வந்து சேர 2008 முதல் 2022 வரை ஆனது. அந்தக் கதையை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் இது யாரோ சிலருக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை. முன்பு பிஐடி 1 என்றால் எஸ்பின் கோப்பகத்தில் இருக்கும் இனிட் மட்டும்தான், அதை டிபக் செய்பவர்கள் அபூர்வம். இன்று ஒவ்வொரு கண்டெய்னரிலும் உங்கள் நோட் சர்வர், ஜாவா சர்வர், பைத்தான் ஸ்கிரிப்ட் எல்லாமே பிஐடி 1. சர்வர் தொங்குகிறது என்று டிபக்கரை மாட்டினால், நீங்கள் மாட்டுவது இனிட்டில்.

முதலில் அந்த விலக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். ஒவ்வொரு ப்ராசஸுக்கும் கெர்னலில் சிக்னல் ஸ்ட்ரக்ட் என்று ஒன்று உண்டு, அந்த ப்ராசஸின் எல்லா த்ரெட்டுகளுக்கும் பொதுவானது. அதில் ஃப்ளாக்ஸ் என்று ஒரு எண். அந்த எண்ணில் ஹெக்ஸ் கணக்கில் 40 என்ற பிட்டுக்குப் பெயர் சிக்னல் அன்கில்லபிள். ஃபோர்க் (புது ப்ராசஸை உருவாக்குவது) நடக்கும்போது, பிறக்கும் ப்ராசஸ் ஒரு பிஐடி நேம்ஸ்பேஸின் முதல் ப்ராசஸாக இருந்தால் கெர்னல் அந்த பிட்டை ஏற்றிவிடுகிறது. கர்ணனின் கவசம் மாதிரி, பிறப்போடு வருவது. பின்னால் யாரும் கேட்டு வாங்க முடியாது.

எதற்காக இந்தப் பாதுகாப்பு? பெற்றோர் இல்லாமல் போகும் ப்ராசஸ்கள் எல்லாம் இனிட்டிடம்தான் வந்து சேரும், அவை செத்த பிறகு ஜாம்பியாக, அதாவது செத்தும் பட்டியலில் தங்கும் பதிவாக, கிடக்காமல் எடுத்துப் போடுவது அதன் பொறுப்பு. ஒரு நேம்ஸ்பேஸின் இனிட் செத்தால் அந்த நேம்ஸ்பேஸுக்குள் இருக்கும் எல்லா ப்ராசஸுக்கும் கெர்னல் சிக்கில் அனுப்பிவிடும். முழு இயந்திரத்தின் இனிட் செத்தாலோ கெர்னல் பேனிக், அட்டெம்ப்டட் டு கில் இனிட் என்ற அந்தப் பழகிய வரியோடு இயந்திரம் நின்றுவிடும். அதனால் தெரியாமல் யாரோ அனுப்பும் ஒரு சிக்னலால் இனிட் சாகக் கூடாது.

விதி இதுதான். இனிட் ஒரு சிக்னலுக்கு ஹேண்ட்லர் (அது வந்தால் ஓட வேண்டிய தன் சொந்தக் கோட்) வைத்திருந்தால் சிக்னல் போய்ச் சேரும். வைக்கவில்லை என்றால் அனுப்பும் இடத்திலேயே கெர்னல் அதைத் தூக்கிப் போட்டுவிடும். டாக்கர் ஸ்டாப் கொடுத்தால் சில கண்டெய்னர்கள் பத்து விநாடி அசையாமல் இருந்துவிட்டு அப்புறம் சாகின்றனவே, அதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: முடித்துக்கொள் என்று கேட்டு டாக்கர் முதலில் அனுப்பும் சிக்டெர்முக்கு உள்ளே ஹேண்ட்லர் இல்லை, அது வழியிலேயே போய்விட்டது, பத்து விநாடி முடிந்ததும் வெளி நேம்ஸ்பேஸிலிருந்து சிக்கில் வருகிறது. வெளி நேம்ஸ்பேஸிலிருந்து வரும் சிக்கில், சிக்ஸ்டாப் (ப்ராசஸை நிறுத்திவைக்கும் சிக்னல்) இரண்டை மட்டும் உள் இனிட்டால் மறுக்க முடியாது. அப்படி ஒரு வழி இல்லாவிட்டால் கண்டெய்னரை வெளியிலிருந்து நிறுத்தவே முடியாமல் போய்விடும்.

இதுவரை எல்லாம் தெளிவாக இருக்கிறது. சிக்கல் பீட்ரேஸில் தொடங்குகிறது.

பீட்ரேஸ் என்பது ஒரு ப்ராசஸை இன்னொன்று பிடித்து நிறுத்தி, அதன் ரெஜிஸ்டர்களைப் பார்த்து, மாற்றி, ஓட விடும் சிஸ்டம் கால் (கெர்னலிடம் வைக்கும் கோரிக்கை). ஜிடிபி, எஸ்ட்ரேஸ் இரண்டுமே இதன் மேல்தான் நிற்கின்றன. டிரேஸ் செய்யப்படும் ப்ராசஸுக்கு வரும் சிக்னல் நேராக அதனிடம் போகாது. முதலில் ப்ராசஸ் நிற்கும், அதைப் பிடித்திருக்கும் டிரேசருக்குத் தகவல் போகும், டிரேசர் அந்தச் சிக்னலை அப்படியே உள்ளே விடலாம், வேறு சிக்னலாக மாற்றலாம், விழுங்கியும் விடலாம். சிக்கில் மட்டும் இதற்குள் வராது.

லினக்ஸ் 2.6.26-க்கு முன்னால் பிஐடி 1-ஐ டிரேஸ் செய்யவே முடியாது, அனுமதி இல்லை என்று பிழை வரும். 2008-இல் கெர்னல் டெவலப்பர் ஒலெக் நெஸ்டெரோவ் அந்தத் தடையை எடுத்தார். நியாயமான முடிவு, இனிட் ஏன் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று பார்க்க வேண்டியவர்களுக்கு வேறு நல்ல வழி இல்லை. ஆனால் அந்த நாளிலிருந்து ஒரே ப்ராசஸ் மேல் இரண்டு வாக்குறுதிகள் உட்கார்ந்தன. "இதை யாரும் தற்செயலாகக் கொல்ல முடியாது" என்பது ஒன்று. "இதற்கு வரும் எல்லாச் சிக்னலையும் டிரேசர் பார்க்கலாம்" என்பது இன்னொன்று. கெர்னலின் சிக்னல் கோடில் இந்த இரண்டும் உரசும் இடங்கள் பல. ஒவ்வொன்றாகத்தான் வெளியே வந்தன.

முதலாவது 2017 ஜனவரியில். ஜேமி ஐல்ஸ் அனுப்பிய பேட்ச் (கோட் திருத்தம்) அது, அதோடு அவர் கொடுத்த சோதனை எளிமையானது: ஒரு பக்கம் பிஐடி 1-க்கு ஓயாமல் சிக்ஸ்டாப் அனுப்பிக்கொண்டே இருக்கும் ஒரு லூப், இன்னொரு பக்கம் அதே பிஐடி 1-இல் எஸ்ட்ரேஸ். இரண்டையும் நிறுத்திவிட்டுப் பார்த்தால் இனிட் ஸ்டாப் நிலையில் உறைந்து கிடக்கும். சிக்கான்ட் அனுப்பி எழுப்பலாம், எழுந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகு யார் சிக்ஸ்டாப் அனுப்பினாலும் இனிட் கீழ்ப்படிந்து நின்றுவிடும். டிரேஸ் செய்து முடித்த பிறகும் பாதுகாப்பு திரும்ப வரவே இல்லை.

ஏன் அப்படி? டிரேஸ் செய்யப்படாத இனிட்டுக்கு இந்தச் சிக்ஸ்டாப் அனுப்பும் வாசலிலேயே காணாமல் போயிருக்கும். டிரேஸ் செய்யும்போது அப்படிப் போடக் கூடாது, டிரேசர் பார்க்க வேண்டும் என்பதால் கெர்னல் அதை வரிசையில் சேர்க்கிறது. எஸ்ட்ரேஸ் அதைப் பார்த்து ஒரு வரி அச்சடித்துவிட்டு, வழக்கம்போல் உள்ளே விடுகிறது. டிரேசரைத் தாண்டிய பிறகு இன்னொரு சோதனை உண்டு, அங்கேயும் அன்கில்லபிள் ஃப்ளாக் பார்க்கப்படுகிறது, ஆனால் அந்த இடத்தில் சிக்கில், சிக்ஸ்டாப் இரண்டையும் கெர்னல் தள்ளுவதில்லை. இங்கே வரை ஒரு சிக்ஸ்டாப் வந்திருக்கிறது என்றால் அது வெளி நேம்ஸ்பேஸிலிருந்தோ கெர்னலுக்குள்ளிருந்தோதான் வந்திருக்க வேண்டும் என்று அந்தக் கோட் நம்புகிறது. டிரேஸ் செய்யாதபோது அந்த நம்பிக்கை சரி. டிரேஸ் செய்யும்போது தவறு. இனிட் நின்றுவிடுகிறது.

நின்றது பெரிய குற்றமில்லை, சிக்கான்ட் போதும். பெரிய விஷயம் நிற்கும்போது கெர்னல் ஃப்ளாகை எழுதிய விதம். "இந்த ப்ராசஸ் நின்றுவிட்டது" என்ற பிட்டை ஏற்ற வேண்டிய இடத்தில், மற்ற பிட்டுகளைப் பற்றி யோசிக்காமல், முழு எண்ணையும் அந்த ஒரு மதிப்பால் மாற்றி எழுதியிருந்தார்கள். சேர்ப்பதற்குப் பதில் நேரடியாக ஒதுக்கீடு. சாதாரண ப்ராசஸுக்கு அந்த நேரத்தில் அந்த எண்ணில் இழக்க வேறொன்றும் இருக்காது, அதனால் யாருக்கும் தெரியவில்லை. இனிட்டுக்கு மட்டும் அதில் உயிர்க்காப்பு இருந்தது, அது அழிந்துபோனது. பேட்ச் செய்தது, ஸ்டாப் சம்பந்தமான பிட்டுகளை மட்டும் துடைத்துவிட்டுப் புதியதைச் சேர்க்கும் ஒரு சின்ன உதவி ஃபங்ஷனை எழுதி, நேரடியாக எழுதிய இடங்களை அதன் வழியாகத் திருப்பியது. சி மொழியில் ஃப்ளாக் எண்ணோடு வேலை செய்யும் எவரும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டிய பேட்ச் அது. ஒரே எண்ணுக்குள் தற்காலிக நிலையையும் நிரந்தரப் பண்பையும் சேர்த்து வைத்தால் இந்த மாதிரிப் பிழை என்றாவது வந்தே தீரும் என்பது என் கருத்து.

இரண்டாவது, எனக்கு இன்னும் பிடித்தது, அதே ஆண்டு ஆகஸ்டில். எழுதியவரும் ஜேமி ஐல்ஸ்தான். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சிக்னல்களில் இரண்டு வகை. வெளியே இருந்து யாரோ அனுப்புவது ஒன்று. ப்ராசஸ் தானே ஏதோ செய்து சிபியு ஃபால்ட் எழுப்பி, அதனால் கெர்னல் திணிக்கும் சிக்னல் இன்னொன்று: தப்பான முகவரியைத் தொட்டால் சிக்செக்வி, தெரியாத இன்ஸ்ட்ரக்ஷன் என்றால் சிக்இல், பிரேக்பாயிண்டில் மோதினால் சிக்டிராப். இந்த இரண்டாம் வகையைத் தள்ளிப்போட முடியாது. இனிட் தப்பான முகவரியைத் தொடுகிறது, சிக்செக்விக்கு ஹேண்ட்லர் இல்லை, "இனிட்தானே, விட்டுவிடுவோம்" என்று கெர்னல் சிக்னலைப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? ப்ராசஸ் அதே இன்ஸ்ட்ரக்ஷனுக்குத் திரும்பும், மறுபடி அதே ஃபால்ட், மறுபடி அதே சிக்னல், முடிவே இல்லாமல் சிபியு அதிலேயே சுழலும். அதனால் கெர்னல் ஒரு சிக்னலைத் திணிக்கும்போது, அதற்கு ஹேண்ட்லர் இல்லை என்றால், அந்த இடத்திலேயே அன்கில்லபிள் ஃப்ளாகை எடுத்துவிடுகிறது. இனி இந்த ப்ராசஸ் சாகலாம், சாகத்தான் வேண்டும் என்று அர்த்தம். சரியான முடிவு.

இப்போது ஒரு டிபக்கரைக் கொண்டுவாருங்கள். எக்ஸ்86-இல் ஜிடிபி பிரேக்பாயிண்ட் வைப்பது என்றால், அந்த இடத்து இன்ஸ்ட்ரக்ஷனின் முதல் பைட்டை எடுத்துவிட்டு ஹெக்ஸில் சிசி என்ற ஒற்றை பைட்டை வைப்பது. ப்ராசஸ் அங்கே வரும்போது ஃபால்ட், கெர்னல் சிக்டிராப்பைத் திணிக்கிறது. ஜிடிபிக்குத் தகவல் வருகிறது, அது சிக்டிராப்பை விழுங்கிவிட்டு உங்களுக்கு ப்ராம்ப்ட் காட்டுகிறது. நீங்கள் வேரியபிள்களைப் பார்க்கிறீர்கள், கன்டின்யூ கொடுக்கிறீர்கள், கடைசியில் டிடாச் செய்துவிட்டு வெளியே வருகிறீர்கள். சர்வர் ஒழுங்காக ஓடுகிறது. எல்லாம் நலம் என்று நினைத்து எழுந்து போகிறீர்கள்.

ஆனால் ஃப்ளாக் போய்விட்டது. சிக்டிராப் ப்ராசஸிடம் போய்ச் சேரவே இல்லை, டிபக்கர் விழுங்கிவிட்டது. இருந்தும் சிக்னலை உருவாக்கிய அந்தக் கணத்திலேயே, டிரேசர் என்ன முடிவெடுக்கப் போகிறார் என்று தெரிவதற்கு முன்பே, கெர்னல் ஃப்ளாகைக் கழற்றிவிட்டது. ஒரு பிரேக்பாயிண்ட் போதும். ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் தாண்டி ஸ்டெப் செய்தாலும் அதே சிக்டிராப்தான், அதே விளைவுதான். அதற்கப்புறம் கண்டெய்னருக்குள் ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் கில் 1 என்று ஓட்டுகிறது, நேற்று வரை அது ஒன்றும் செய்யவில்லை என்பதால் யாரும் கவனித்ததில்லை, இன்று அதே கட்டளை இனிட்டைக் கொன்று கண்டெய்னர் முழுவதையும் இழுத்துப் போட்டுவிடும். மணிக்கணக்கு கழித்து நடப்பதால் டிபக் செய்ததோடு இதை யார் முடிச்சுப் போடுவார்கள்? இந்த வகைப் பிழைகள்தான் என்னைப் பொறுத்தவரை மிக மோசமானவை. பார்க்க வந்தவர் தொட்ட இடத்தில் தடயம் இல்லை, பார்த்துவிட்டுப் போன பிறகு வேறொரு இடத்தில் வேறொருவர் தலையில் விழுகிறது. டிபக்கர் என்பது பார்ப்பதற்கான கருவி. நான் வேண்டுமென்று மாற்றாத எதுவும் நான் வெளியேறிய பிறகு மாறியிருக்கக் கூடாது.

திருத்தம் ஒரே ஒரு நிபந்தனை: ஹேண்ட்லர் இல்லை என்றாலும், இந்த த்ரெட் டிரேஸ் செய்யப்படுகிறது என்றால் ஃப்ளாகைத் தொடாதே. டிபக் செய்த பிறகு இனிட் கொல்லத்தக்கதாக மாறியிருக்கும் என்று பயனர்கள் எதிர்பார்க்க மாட்டார்கள் என்று அதற்கு மேலே கமெண்ட்டும் எழுதிவைத்தார்கள்.

இதில் ஒரு பக்கவிளைவு இருக்கிறது, தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. டிரேஸில் இருக்கும் இனிட் உண்மையாகவே சிக்செக்வி வாங்கினால் சாகாது. டிபக்கருக்குத் தகவல் வரும், நீங்கள் கன்டின்யூ கொடுத்தால் சிக்னல் உள்ளே போகும், ஃப்ளாக் இன்னும் இருப்பதால் கெர்னல் அதைத் தூக்கிப் போடும், ப்ராசஸ் அதே இன்ஸ்ட்ரக்ஷனில் மறுபடி விழும், டிபக்கருக்கு மறுபடி அதே தகவல். எஸ்ட்ரேஸில் என்றால் ஒரே சிக்செக்வி வரி திரை முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். பயப்பட வேண்டாம், டிரேசரை எடுத்த அடுத்த ஃபால்ட்டிலேயே பழைய விதி திரும்பி வந்து ப்ராசஸ் முறையாகச் சாகும். டிரேசர் இருக்கும்வரை பொறுப்பு டிரேசர் கையில் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அர்த்தம், அது எனக்கு ஏற்புடையதே.

ஆனால் "டிரேஸ் செய்யப்படுகிறதா?" என்ற கேள்வி மட்டும் போதாது என்பது சில வருடங்களில் தெரிந்துவிட்டது. அது செக்காம்ப் வழியாக வந்தது.

செக்காம்ப் ஒரு ப்ராசஸ் எந்தெந்த சிஸ்டம் காலைச் செய்யலாம் என்று வடிகட்டுவது. வடிகட்டியின் கடுமையான பதில் கில்: தடைசெய்யப்பட்ட சிஸ்டம் காலைச் செய்ய முயன்றால் சிக்சிஸ் சிக்னலால் இறந்ததாக ப்ராசஸை முடித்துவிடு. செக்காம்புக்கும் பீட்ரேஸுக்கும் நடுவே பழைய உரசல் ஒன்று ஏற்கெனவே உண்டு. 4.8-க்கு முந்தைய கெர்னல்களில் வடிகட்டி முதலில் பார்த்துவிடும், டிரேசர் அதற்கப்புறம் சிஸ்டம் கால் எண்ணையே மாற்றலாம், மாற்றியதை வடிகட்டி திரும்பப் பார்க்காது. பீட்ரேஸ் கையில் இருந்தால் வடிகட்டியைத் தாண்டிவிடலாம் என்று அர்த்தம். டாக்கர் ரொம்ப நாள் தன் இயல்பான செக்காம்ப் பட்டியலில் பீட்ரேஸைத் தடுத்து வைத்திருந்ததற்கு இதுதான் காரணம், 19.03 பதிப்பில்தான், 4.8 அல்லது அதற்குப் பிந்தைய கெர்னல் என்றால் பரவாயில்லை என்று திறந்துவிட்டார்கள்.

2021-இல் எரிக் பீடர்மன் கெர்னலில் ஒரு சுத்தம் செய்யும் வேலையை எடுத்துக்கொண்டார். ப்ராசஸ் கட்டாயம் சாக வேண்டிய இடங்களில் பல, சிக்னல் வழியே போகாமல் நேரடியாக வெளியேறும் ஃபங்ஷனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. அதையெல்லாம் முறையான சிக்னல் பாதைக்குக் கொண்டுவருவது அவர் நோக்கம். ஆனால் சிக்னல் என்றால் நடுவில் யாராவது கை வைக்கலாம். பக்கத்து த்ரெட் அதே நேரத்தில் ஹேண்ட்லரை மாற்றலாம், டிரேசர் விழுங்கலாம். அதைத் தடுக்க, இந்தச் சிக்னலின் ஹேண்ட்லரை இனி யாரும் தொட முடியாது, டிரேசருக்கும் காட்டத் தேவையில்லை என்று சொல்லும் ஒரு புது ஃப்ளாகைக் கொண்டுவந்தார், இம்யூட்டபிள் என்று அதற்குப் பெயர். 5.16-இன் சோதனைப் பதிப்புகளில் அது தேவைக்கு மேல் எங்கும் பாய்ந்துவிட்டது. ப்ராசஸ் சிக்டிராப்பைத் தடுத்து வைத்திருந்தால், பிரேக்பாயிண்டில் மோதியதும் டிபக்கருக்குச் சொல்லாமலேயே செத்துப்போனது. ஆர்ஆர் என்ற பதிவு செய்து மறுபடி ஓட்டும் டிபக்கரை எழுதுபவர்களில் ஒருவரான கைல் ஹூயி அதைப் பிடித்தார், வெளியீட்டுக்கு முன்னாலேயே சரியானது.

சரிசெய்த விதம்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் முக்கியமானது. சிக்னலைத் திணிக்கும் ஃபங்ஷனுக்குப் புதிதாக ஒரு அளவுரு வந்தது, அதற்கு மூன்று மதிப்புகள். இப்போதிருக்கும் ஹேண்ட்லரையே பயன்படுத்து என்பது ஒன்று. ஹேண்ட்லரை இயல்பு நிலைக்கு மாற்று, ஆனால் டிரேசர் தலையிடலாம் என்பது இரண்டாவது. இந்த ப்ராசஸ் சாகிறது, யாரும் குறுக்கே வர முடியாது என்பது மூன்றாவது, கோடில் அதன் பெயர் ஹேண்ட்லர் எக்ஸிட். அதுவரை எல்லாத் திணிப்புச் சிக்னலும் ஒன்றுபோலவே பார்க்கப்பட்டது. பிரேக்பாயிண்டில் மோதியது என்ற செய்திக்கும், விதியை மீறியதால் சாகிறாய் என்ற தீர்ப்புக்கும் கெர்னலில் வித்தியாசம் சொல்ல வார்த்தை இல்லை. இப்போது கூப்பிடும் இடம் தன் எண்ணத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இங்கே 2017-இன் நிபந்தனை குறுக்கே வந்தது. ஒரு சாண்ட்பாக்ஸை எண்ணிக்கொள்ளுங்கள்: நம்பாத புரோகிராமைப் புது பிஐடி நேம்ஸ்பேஸில் பிஐடி 1-ஆக ஓட்டுகிறார்கள், செக்காம்ப் வடிகட்டி போட்டிருக்கிறார்கள், வெளியே இருந்து பீட்ரேஸில் கண்காணிக்கிறார்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்துவது சாண்ட்பாக்ஸ் கட்டுபவர்களுக்கு இயல்பான விஷயம். உள்ளே இருப்பது தடைசெய்யப்பட்ட சிஸ்டம் காலைச் செய்கிறது. வடிகட்டி கில் என்கிறது. கெர்னல் சிக்சிஸைத் திணிக்கிறது, ஹேண்ட்லர் எக்ஸிட் என்றே சொல்லித் திணிக்கிறது. ஆனால் டிரேஸ் செய்யப்படும் ப்ராசஸ் என்பதால் அன்கில்லபிள் ஃப்ளாக் கழற்றப்படவில்லை. சிக்னலை எடுக்கும் இடத்தில், இது இனிட், சிக்கில்லும் இல்லை சிக்ஸ்டாப்பும் இல்லை, தூக்கிப் போடு. இம்யூட்டபிள் என்பதால் டிரேசருக்கும் சொல்லப்படவில்லை. அந்த சிஸ்டம் கால் நடக்கவில்லை, அதுவரை நல்லது. ஆனால் சாக வேண்டிய ப்ராசஸ் உயிரோடு அடுத்த இன்ஸ்ட்ரக்ஷனுக்குப் போய்விட்டது. முன்பு செக்காம்ப் நேரடியாக வெளியேறும் பாதையில் இருந்தபோது இந்தச் சிக்கல் எழவே முடியாது என்பதையும் கவனியுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் சரியான இரண்டு மாற்றங்கள், 2017-இல் ஒன்று, 2021-இல் ஒன்று, சேர்ந்தபோது ஓட்டை.

2022 பிப்ரவரியில் செக்காம்பைப் பராமரிக்கும் கீஸ் குக் இதை அடைத்தார். நிபந்தனை இப்போது இப்படி இருக்கிறது: ஹேண்ட்லர் இல்லை, கூடவே டிரேஸ் செய்யப்படவில்லை அல்லது எண்ணம் எக்ஸிட் என்றால் ஃப்ளாகைக் கழற்று. அதாவது செய்தி என்றால் டிரேசருக்கு முதல் உரிமை, இனிட்டின் பாதுகாப்பு அப்படியே இருக்கும். தீர்ப்பு என்றால் இனிட்டானாலும் டிரேசர் இருந்தாலும் சாவுதான். பழைய கமெண்ட்டுக்குக் கீழே அதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டார்கள்.

அவர் அதோடு விடவில்லை, அதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். செக்காம்ப் பக்கத்திலும் ஒரு மாற்றம் போட்டார். ஒரு ப்ராசஸைக் கொல்ல முடிவெடுத்ததும் செக்காம்ப் அதன் நிலையை டெட் என்ற, பயனர்கள் யாரும் கேட்டு வாங்க முடியாத ஒரு நிலைக்கு மாற்றிவிடும். செத்தவர் திரும்பி வரக் கூடாது. அந்த நிலையில் இருக்கும் ப்ராசஸ் இன்னொரு சிஸ்டம் காலோடு வந்து நின்றால், எங்கேயோ சாவு தப்பியிருக்கிறது என்று அர்த்தம். கெர்னல் ஒரு எச்சரிக்கையைப் பதிவு செய்துவிட்டு, சிக்னல் பாதையை நம்பாமல் நேரடியாக அந்த இடத்திலேயே அதை முடித்துவிடும். நாளைக்குச் சிக்னல் கோடில் வேறொருவர் வேறொரு நல்ல மாற்றம் செய்து, இதே மாதிரி ஓட்டை இன்னொரு வழியில் திறந்தாலும் சாண்ட்பாக்ஸ் விழாது. ஒரு பிழையைத் திருத்துவதும், அந்தப் பிழையின் இனத்தையே பிடிக்க ஒரு காவலை நிறுத்துவதும் இரண்டு வேறு வேலைகள், இரண்டாவதைச் செய்ய நேரம் எடுத்துக்கொள்பவர்கள் குறைவு.

நடைமுறைக்கு உதவும் சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ப்ராசஸ் டிரேஸில் இருக்கிறதா என்று பார்க்க, ப்ராக் கோப்பகத்தில் அதன் எண்ணுக்குக் கீழே உள்ள ஸ்டேட்டஸ் கோப்பில் டிரேசர்பிட் என்ற வரியைப் பாருங்கள். பூஜ்யம் இல்லையென்றால் அந்த எண்ணில் இருப்பவர்தான் பிடித்திருக்கிறார். பிஎஸ் பட்டியலில் சின்ன டி (t) என்றால் டிரேசர் நிறுத்தி வைத்திருக்கிறது, பெரிய டி (T) என்றால் சாதாரண ஸ்டாப். அன்கில்லபிள் ஃப்ளாக் அந்தக் கோப்பில் தெரியாது. டிபக் செய்த பிறகு அது இருக்கிறதா என்று பார்க்கும் ஆசை இருந்தால் உங்கள் இயந்திரத்தின் பிஐடி 1-இல் பார்க்காதீர்கள், மேலே சொன்ன அன்ஷேர் வழியில் ஒரு தற்காலிக நேம்ஸ்பேஸ் எடுத்து, வெளியிலிருந்து ஜிடிபி மாட்டி, ஒரு பிரேக்பாயிண்ட் தாண்டி, டிடாச் செய்துவிட்டு, உள்ளேயிருந்து சிக்கில் அனுப்பிப் பாருங்கள். புதிய கெர்னலில் ஒன்றும் ஆகாது.

கில் -9 கொடுத்தும் போகாத டிரேஸ் ப்ராசஸ் என்று தேடி வருபவர்களில் நிறையப் பேருக்கு உண்மையில் இருப்பது வேறு சிக்கல். ப்ராசஸ் ஏற்கெனவே செத்துவிட்டது, ஜாம்பியாக நிற்கிறது. டிரேஸ் செய்யப்பட்ட ப்ராசஸ் செத்தால் அந்தச் செய்தி முதலில் டிரேசருக்குத்தான் போகும், டிரேசர் வெயிட் செய்து எடுத்துக்கொண்ட பிறகே உண்மையான பெற்றோருக்குத் தெரியும். டிரேசர் எங்கேயாவது தொங்கிக்கொண்டிருந்தால் பெற்றோர் எவ்வளவு காத்திருந்தாலும் பிள்ளை செத்தது தெரியாது. அங்கே கொல்ல வேண்டியது டிரேசரை. அது போனதும் கெர்னல் தானாகவே பிடியை விட்டுவிடும், ஜாம்பி பெற்றோரிடம் போய்ச் சேரும்.

சாண்ட்பாக்ஸோ கண்டெய்னரோ கட்டுபவர் என்றால், ஓட்ட வேண்டிய புரோகிராமையே பிஐடி 1-ஆக வைக்காதீர்கள். டைனி மாதிரி ஒரு சின்ன இனிட்டை முதலில் வைத்து, அதன் கீழே உங்கள் புரோகிராமை ஓட விடுங்கள், டாக்கரில் 1.13 பதிப்பிலிருந்து ரன் கட்டளைக்கு இனிட் என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் அதுவே செய்துவிடும். அப்போது அன்கில்லபிள் ஃப்ளாக் டைனியிடம் இருக்கும், உங்கள் புரோகிராம் சாதாரண ப்ராசஸ், டிபக்கர் மாட்டினாலும் செக்காம்ப் கொன்றாலும் எல்லோருக்கும் தெரிந்த விதிப்படியே நடக்கும், சிக்டெர்முக்கும் பத்து விநாடி காத்திருக்க வேண்டாம். பழைய கெர்னலை மாற்ற முடியாத இடத்தில் வேலை செய்பவர்களுக்கு இப்போதைக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.